வரமாட்டாங்க, விடமாட்டாங்க: ஒரு ஜெர்மன் பாடத்திலிருந்து

அபிராமபுரம் நாலாவது தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடி அறையை வாடகைக்கு எடுத்துச் சில வருஷங்களாக ஜெர்மன் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். முன்பெல்லாம் ரில்கேயையோ பிரெக்டையோ மூலத்தில் படிக்கவேண்டும் என்று யாராவது ஒருவர் வருவார். இப்போது அநேகமாக நர்ஸுகள், மேல்படிப்புக்குப் போகும் என்ஜினியரிங் பையன்கள், கணவனோடு போய்ச் சேரவேண்டிய பெண்கள். (2007இலிருந்து, ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர்கள், சில விலக்குகள் போக, ஏ1 பரீட்சை தேறியாக வேண்டும். காதலுக்கு மொழித்தேர்வு வைத்த நாடு அது.)

இரண்டாம் கட்டத்தில் ஒரு பாடம் வரும். எல்லாப் பாடப்புத்தகங்களிலும் ஏறக்குறைய ஒரே பயிற்சிதான்: சிறுவயதில் உங்களுக்கு எதற்கெல்லாம் அனுமதி இருந்தது, எதற்கெல்லாம் இல்லை, எதையெல்லாம் கட்டாயமாகச் செய்ய வேண்டியிருந்தது, எழுதுங்கள். புத்தகத்தில் உள்ள ஜெர்மன் குழந்தைகள் எட்டு மணிக்குத் தூங்கவேண்டியிருந்தது, டிவி பார்க்க அனுமதியில்லை என்று எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது சலிக்கும் என்று தோன்றி, போன வருஷம் நான் பயிற்சியை மாற்றினேன். உங்கள் அம்மா அப்பா காலத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள், வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். இந்தக் கட்டுரை அதனால் வந்தது.

முதலில் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் ஒரு செயலின் மீதுள்ள கட்டாயம், அனுமதி, இயலுமை, விருப்பம் இவற்றைச் சொல்ல ஆறு துணைவினைகள் உண்டு. ம்யுஸ்ஸன் என்றால் கட்டாயம். க்யொன்னன், இயலுவது. ட்யுர்ஃபன், அனுமதி. ஸொல்லன், இன்னொருவர் நம்மேல் வைக்கும் எதிர்பார்ப்பு அல்லது உத்தரவு. வொல்லன், நாமே விரும்புவது. ம்யோகன், பிடித்திருப்பது. இவை இறந்தகாலத்தில் முறையே முஸ்டெ, கொன்டெ, டுர்ஃப்டெ, ஸொல்டெ, வொல்டெ, மொஹ்டெ ஆகும். ஜெர்மன்காரர்கள் பேச்சில் மற்ற வினைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு சொல் சேர்ந்த இறந்தகாலத்தைத்தான் பயன்படுத்துவார்கள். இந்த ஆறுக்கோ பேச்சிலும் இந்தக் குறுகிய வடிவம் நிலைத்துவிட்டது. ஆகவே இதைத் தவிர்த்துக்கொண்டு பேசவே முடியாது.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. ஆறில் நான்கு வினைகளுக்கு உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் உண்டு. இறந்தகாலத்துக்குப் போகும்போது அந்தப் புள்ளிகள் உதிர்ந்துவிடும். உதிராமல் எழுதிவிட்டால் அது இறந்தகாலமே இல்லை. கொன்டெ என்றால் 'முடிந்தது'. புள்ளியோடு க்யொன்டெ என்றால் 'முடியக்கூடும்'. நடந்ததும் நடக்கக்கூடியதும் இரண்டு புள்ளிகளால் பிரிகின்றன. ம்யோகன் இதில் கொஞ்சம் விஷமம் பிடித்தது. கடையில் 'ஒரு காப்பி வேணும்' என்பதற்கு எல்லோரும் முதல் வாரத்திலேயே ம்யோஹ்டெ என்று படித்துவிடுகிறார்கள். நேற்றுக் காப்பி வேண்டியிருந்ததைச் சொல்ல அதன் புள்ளியை எடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது, அங்கே வொல்டெ வந்துவிடும்.

இதெல்லாம் மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் வந்துவிடும். வராதது வேறு. பையன்கள், பெண்கள் எல்லோரும் தமிழில் யோசித்துவிட்டு எழுத உட்காரும்போது ஒரு இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அந்த இடம் எது என்று பார்க்கலாம்.

தமிழில் 'வேண்டும்' இருக்கிறது, 'முடியும்' இருக்கிறது, 'கூடாது', '-லாம்' இருக்கின்றன. முடியும் என்பதற்கு முடிந்தது என்று நேரான இறந்தகாலம் உண்டு. வேண்டும் என்பதை 'வேண்டியிருந்தது', 'வேண்டி வந்தது' என்று ஒரு துணையோடு இறந்தகாலத்துக்குத் தள்ளிவிடலாம். கூடாது? 'போகக்கூடாது' என்பதற்கு இறந்தகாலம் சொல்லிப்பாருங்கள். 'போகக்கூடாது என்று இருந்தது' என்று சுற்றித்தான் வரவேண்டும். 'போகலாம்' என்ற அனுமதியை இறந்தகாலத்தில் வைக்கப் பார்த்தால் 'போயிருக்கலாம்' என்று ஆகி, அது அனுமதியாக இல்லாமல் ஊகமாகவோ வருத்தமாகவோ மாறிவிடுகிறது. ஆக, ட்யுர்ஃபன் என்ற அந்த ஒரு வினை, அனுமதியும் சரி மறுப்பும் சரி, தமிழில் இறந்தகாலம் இல்லாத வினை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. ஜெர்மானியர்கள் நம் வினைகளுக்கு அட்டவணை போட ஆரம்பித்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் அவர்கள் வினையை வைத்துக்கொண்டு நம்முடையதைத் திரும்பிப் பார்ப்பது அதைவிடக் குறைவாகத்தான் நடந்திருக்கிறது.

மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது, தமிழில் இல்லாததைத் தமிழர்கள் நினைக்கவே முடியாது என்ற பழைய வாதத்துக்குள் நான் போகவில்லை. அது அபத்தம். சொல்ல வடிவம் இல்லாவிட்டால் ஆட்கள் வேறு வடிவத்தில் சொல்வார்கள். எந்த வடிவத்தில், யார், யாரைப் பற்றி என்பதுதான் என் கேள்வி.

கீழ்வீட்டில் வீட்டுக்காரரின் அம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். வகுப்பு நாட்களில் எல்லோருக்கும் காப்பி அனுப்புகிற மனுஷி. வீடு ஐம்பதுகளில் கட்டியது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, கொல்லைப்புறம் வரைக்கும் போகிறது. இப்போது அதில் பழைய சைக்கிளும் தண்ணீர் கேன்களும் கிடக்கின்றன. அது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "அந்தக் காலத்துல கக்கூஸ் அலம்ப வருவாளோன்னோ, அவா இப்படி வாசல் வழியா வரமாட்டா. சந்து வழியாத்தான் போவா" என்றார்.

வரமாட்டா.

மாட்டு என்பது தமிழில் மனம் சார்ந்த மறுப்பு. 'நான் வரமாட்டேன்' என்றால் எனக்கு இஷ்டமில்லை. மூன்றாம் இடத்தில், பழங்காலத்தைப் பற்றிப் பேசும்போது அது வழக்கத்தைக் குறிக்கிறது: தாத்தா ராத்திரியில் சாதம் சாப்பிடமாட்டார். ஆகவே மாமியின் வாக்கியத்தில் இரண்டு வேலை நடக்கிறது. விலக்கி வைக்கப்பட்டவர்களே எழுவாயாக வந்து உட்கார்கிறார்கள். விலக்கு என்பது அவர்களுடைய பழக்கமாக, கிட்டத்தட்ட அவர்களுடைய சுபாவமாக மாறிவிடுகிறது. தாத்தாவுக்கு ராத்திரிச் சாதம் எப்படியோ அப்படி. வாசலில் நின்று தடுத்தவர் வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. மாமியை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் ஊர் வீட்டில் என் அப்பாயியும் இதே வினையைத்தான் சொல்வாள்: "அவுக திண்ணையில உக்காரமாட்டாக." சின்ன வயசில் அதைக் கேட்டு, அவர்களுக்குத் திண்ணை பிடிக்காது போலிருக்கிறது என்று நான் நிஜமாகவே நம்பியிருக்கிறேன்.

மாமியின் வாக்கியத்தை ஜெர்மனில் எழுதப்போனால் 'அவர்கள் வரவில்லை' என்று வெறும் வினையில் எழுதலாம். 'வொல்டன் நிஹ்ட்' என்றால் அவர்களுக்கு இஷ்டமில்லை என்றாகும், பச்சைப் பொய். 'டுர்ஃப்டன் நிஹ்ட்' என்று எழுதும்போதுதான் அங்கே தடை ஒன்று இருந்தது என்பது வினைக்குள்ளேயே ஏறுகிறது. தமிழில் மழுப்பக்கூடியதை ஜெர்மனில் மழுப்ப முடியாது என்று அன்று எனக்கு ஒரு உற்சாகம் வந்தது உண்மை. அது நீடிக்கவில்லை, பிறகு சொல்கிறேன்.

இந்த 'வரமாட்டா'வுக்கு ஒரு அரசாங்க வடிவமும் உண்டு. 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம், 2006 அக்டோபர் வரை, அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்கவில்லை. மனுவே தாக்கலாகாது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். இதைக் கோப்பு மொழியில் எழுதுவதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது: 'யாரும் முன்வரவில்லை'. முன்வருவது என்பதும் விருப்பத்தின் வினைதான். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் முன்வந்து தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வினை மாறவில்லை. வொல்டெயா டுர்ஃப்டெயா என்று ஒரு ஏ2 மாணவன் கேட்டிருந்தால்கூட அந்த வாக்கியம் நின்றிருக்காது.

இன்னொரு குழப்பம் 'வேண்டும்' என்பதிலேயே இருக்கிறது. வேண்டு என்றால் விரும்பு. கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் நாம் ஒரே வேரை வைத்திருக்கிறோம். 'நான் போகணும்' என்றால் போக ஆசையா, போயாக வேண்டுமா? குரலையும் முகத்தையும் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். வகுப்பில் ஒரு பெண், ஏ1 தேறி விசாவுக்குக் காத்திருப்பவர், தன்னைப் பற்றி எழுதியிருந்தார்: பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம் பண்ணிக்கொள்ள வொல்டெ. படித்தால் விரும்பிச் செய்துகொண்டதாக அர்த்தம். "இதுதானா நீங்க சொல்ல வந்தது, இல்ல முஸ்டெயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பண்ணிக்கணும்னு இருந்துச்சு சார், அதுக்கு எது வரும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் அவர் சொன்னது முழுமையான வாக்கியம். ஜெர்மன் அவரை ஒரு முடிவு எடுக்கச் சொல்கிறது, அதுவும் கூட்டத்துக்கு நடுவில்.

வகுப்பறையில் இது சங்கடம், அவ்வளவுதான். அகதி விசாரணை அறையில் அப்படியல்ல. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள் பலர். ஜெர்மனியின் அரசியல் சட்டம் அடைக்கலம் கொடுத்தது அரசியல் காரணங்களால் துரத்தப்பட்டவர்களுக்கு. பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு அல்ல. 1993இல் அந்த உரிமையும் திருத்தப்பட்டுச் சுருங்கியது. அந்த அறையில் ஒருவர் "அங்க இருக்கேலாது, எப்பிடியும் வெளிய போகவேணும் எண்டு வெளிக்கிட்டனான்" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் முஸ்டெ என்று போட்டால் அவர் துரத்தப்பட்டவர். வொல்டெ என்று போட்டால் வேலை தேடி வந்தவர். 'வேணும்' இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தட்டச்சாகும் அறிக்கை ஜெர்மனில்தான் இருக்கும். ஒரு துணைவினையின்மேல் ஒரு ஆளின் தங்குமுரிமை தொங்கிக்கொண்டிருக்கும் இந்த இடத்தைப் பற்றிப் புலம்பெயர்ந்த நண்பர்கள் யாராவது விரிவாக எழுதவேண்டும்.

இப்போது ஜெர்மன் மேல் எனக்கிருந்த உற்சாகம் ஏன் நீடிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். டுர்ஃப்டெ எவ்வளவு நேர்மையோ அவ்வளவு கள்ளத்தனம் முஸ்டெயில் உண்டு. யுத்தத்துக்குப் பிறகான ஜெர்மன் நீதிமன்றங்களில் அடிக்கடி வந்த தற்காப்பு, உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க வழியில்லை என்பது. இதற்கென்றே சட்டத்தில் ஒரு நீளமான கூட்டுச்சொல் இருந்தது. 'செய்ய வேண்டியிருந்தது' என்பதன் சட்ட அவதாரம் அது.

கிறிஸ்டோஃபர் பிரௌனிங் 1992இல் வெளியிட்ட நூல் ஹாம்பர்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனைப் பற்றியது. நடுவயதுக்காரர்கள், சாதாரண ஆட்கள். 1942 ஜூலை 13 அன்று போலந்தில் யூஸெஃபூஃப் என்ற ஊரில் சுமார் 1500 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று விடிகாலையில் அவர்களுடைய மேஜர் டிராப் என்ன வேலை என்பதை விளக்கிவிட்டு, வயதில் மூத்தவர்களில் யாருக்கு இது முடியாது என்று தோன்றுகிறதோ அவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னார். ஏறக்குறைய ஐந்நூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் அப்போதே விலகினார்கள். விலகியவர்களை யாரும் சுடவில்லை, சிறையில் போடவில்லை. உத்தரவை மறுத்ததால் கடும் தண்டனை கிடைத்த ஒரு நிகழ்வைக்கூட இத்தனை வருஷ வழக்குகளில் எந்த வக்கீலாலும் காட்ட முடியவில்லை என்பதையும் பிரௌனிங் எடுத்துச் சொல்கிறார். அவர் பயன்படுத்திய சாட்சியங்கள் அறுபதுகளில் பதிவானவை. அதாவது இருபது வருஷம் கழித்து, இறந்தகாலத்தில் பேசியவர்கள்.

இந்த இடத்தில் இலக்கணம் கூர்மையாகிறது. ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்கு வரும் நம் பிள்ளைகள் 'மஸ்ட் நாட்' என்பதை அப்படியே ம்யுஸ்ஸன் நிஹ்ட் என்று போட்டுவிடுவார்கள். பெரிய தப்பு. ம்யுஸ்ஸன் நிஹ்ட் என்றால் 'செய்ய வேண்டியதில்லை'. ட்யுர்ஃபன் நிஹ்ட் என்றால்தான் 'செய்யக்கூடாது'. இதை அந்தப் பட்டாலியனுக்குப் பொருத்திப் பாருங்கள். அவர்களுக்கு உத்தரவு இருந்தது, ஆகவே ஸொல்டன் உண்மை. ஆனால் சுட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை, ஆகவே முஸ்டன் நிஹ்ட். வழக்கு முழுவதும் இந்த இரண்டு வினைகளுக்கு இடையில்தான் நடக்கிறது. ஸொல்டெயை முஸ்டெயாக உயர்த்திச் சொல்வதுதான் குற்றவாளியின் மொழிபெயர்ப்பு வேலை.

நம்மிடமும் முஸ்டெ உண்டு, இன்னும் வசதியாக. ஜெர்மன்காரன் 'நான்' முஸ்டெ என்று தன்னையாவது எழுவாயாகச் சொல்லித் தொலைக்கவேண்டும். நமது 'சுடவேண்டியதாயிற்று' என்பதில் ஆளே இல்லை. அஃறிணை ஒருமையில் தானாக ஆகிப்போன காரியம். துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிந்தைய விளக்கங்களில் இந்த 'ஆயிற்று' வாடிக்கையாக வந்து போகும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் கொல்லப்பட்டதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டசபையில் வைக்கப்பட்டது. சுட வேண்டிய தூண்டுதல் எதுவும் இல்லாமலேயே போலீஸ் சுட்டது என்பது அதன் முடிவு. முஸ்டன் நிஹ்ட் என்பதைத் தமிழில் எழுதி முடிக்க நாலு வருஷம் பிடித்திருக்கிறது.

ஸொல்லன் பற்றி ஒரு சின்ன விஷயம், சந்தோஷமான விஷயம். இது மாணவர்களுக்குக் கஷ்டம் என்று பாடப்புத்தகங்கள் பயமுறுத்தும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரைமணி போதும். ஏனென்றால் நம்மிடம் '-ஆம்' இருக்கிறது. 'நாளைக்கு நான் சீக்கிரம் வரணுமாம்' என்பதற்கும் ஸொல்லன்தான். 'அவன் பெரிய பணக்காரனாம்' என்பதற்கும் ஜெர்மனில் அதே ஸொல்லன்தான். கட்டளையும் வதந்தியும் வேறொரு வாயிலிருந்து வருபவை என்பதை இரண்டு மொழிகளும் ஒரே உருபில் அடக்கியிருக்கின்றன. இதன் இறந்தகாலத்தைப் பேச்சுத்தமிழில் சொல்லச் சொன்னால் யாரும் துணைவினையைத் தேடுவதில்லை. 'வரச்சொன்னாங்க' என்று சட்டென்று வருகிறது. சொன்னவர்கள் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

இது முன்னமே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஏற்றியது ஒரு நர்ஸ்.

தெற்கத்திச் சீமைக்காரர். நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார். அம்மாவிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப்பானை இருந்தது. அவர் எழுதியது, தமிழில் சொன்னால்: 'அவர்கள் என் அம்மாவைப் பானையைத் தொட விடவில்லை.' லஸ்ஸன் என்ற வினையின் இறந்தகாலமான லீஸன் போட்டிருந்தார், அதையும் சரியாகப் போட்டிருந்தார். பயிற்சி கேட்டது துணைவினை. நான் சிவப்பு மையால் அடித்து, 'என் அம்மா தொட டுர்ஃப்டெ நிஹ்ட்' என்று மேலே எழுதி, அரை மார்க் குறைத்துவிட்டேன்.

அவர் நோட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். "சார், நீங்க எழுதினதுல யார் விடலைங்கறது எங்க இருக்கு?"

இல்லை. டுர்ஃப்டெயில் அதற்கு இடமே கிடையாது. செயப்பாட்டு வினையிலாவது 'இன்னாரால்' என்று ஒரு ஒட்டுப் போடலாம். டுர்ஃப்டெயில் அதுவும் ஒட்டாது. தடை இருந்தது என்று சொல்லும், தடுத்தவனைச் சொல்லாது. நான் அவ்வளவு மெச்சிக்கொண்டிருந்த வினை, மாமியின் வாக்கியத்தைவிட ஒரு படி மேலே, அவ்வளவுதான். நம் பத்திரிகைத் தமிழின் 'அனுமதிக்கப்படவில்லை' நிற்கும் அதே படி. கோயில் நுழைவுப் போராட்டங்களைப் பற்றிய நம் வரலாற்று நூல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'அனுமதிக்கப்படவில்லை' இருக்கும். நாமும், முற்போக்கு எழுத்துக்காரர்கள், கூச்சமில்லாமல் அதைத்தான் எழுதிவந்திருக்கிறோம்.

அவர் அம்மா போனில் சொன்ன சொல்லைக் கேட்டேன். "தொட விடமாட்டாங்க."

வரமாட்டாங்க, விடமாட்டாங்க. அதே மாட்டு, அதே பழங்காலத்து வழக்கம். ஆனால் எழுவாய் இடம் மாறிவிட்டது. மனம் இல்லாதவர்கள் யார் என்பது நேராகிவிட்டது. கூடாது என்பதற்குத் தமிழில் இறந்தகாலம் இல்லை என்று மேலே எழுதினேன். இலக்கணப் புத்தகத்தின்படி அது சரி. அந்த இடத்தில் தடுத்த சாதிக்காரர்கள் ஒரு வினையை வைத்திருந்தார்கள், தடுக்கப்பட்டவர்கள் இன்னொரு வினையை வைத்திருந்தார்கள். நான் முதலாவதைக் கேட்டு வளர்ந்தவன். இரண்டாவது என் அட்டவணையில் இல்லை.

அவர் அடுத்த வரியில் இன்னும் ஒன்று எழுதிக்காட்டினார். லீஸன் என்ற பன்மையை லீஸ் என்று ஒருமையாக்கி, முன்னால் எழுவாய் போட்டு: வாத்தியார் விடவில்லை. "அவங்கன்னா ஊரே வந்துடுது சார். பானைகிட்ட நின்னது அவருதான்."

அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பரீட்சைக்குப் போனால் டுர்ஃப்டெ நிஹ்ட் என்று கேட்ட இடத்தில் அதையே எழுதுங்கள், லீஸ் அடுத்த வாக்கியத்தில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவருக்கு பி1, பி2 என்று இன்னும் ஏறவேண்டியிருக்கிறது. விடைத்தாளில் விடைக்குறிப்பில் உள்ளதைத்தான் தேடுவார்கள். அடுத்த வாரம் செயப்பாட்டு வினைப் பாடம்.